மறதி நோய்க்குப் பெயர் தந்தவர்

1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இரண்டு மருத்துவ நிகழ்வுகள் நடந்தன. பெர்லினில் ஆகஸ்ட் வான் வாஸர்மன் என்ற ஆய்வாளர், சிபிலிஸ் எனப்படும் மேகநோயை இரத்தத்தைக் கொண்டே கண்டறியும் சோதனையைத் தம் குழுவினருடன் வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், டூபிங்கன் நகரில் கூடிய மனநல மருத்துவர்களின் மாநாட்டில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்டவற்றை விவரித்தார். முதலாவது நிகழ்வின் செய்தி சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது. இரண்டாவதைச் செவிமடுத்தவர்களோ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இன்று வாஸர்மனின் பெயர் மருத்துவ நூல்களுக்குள் ஒடுங்கிவிட்டது. அல்சைமரின் பெயரோ, முதியோர் வாழும் இல்லங்களில் அச்சத்தோடு உச்சரிக்கப்படுகிறது. அந்த நோயையும் இரத்தத்தின் வழியே கண்டறியலாம் என்ற நிலை இப்போது வந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கான முதல் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது. கையடக்கமான உயிரி உணரிகளைக் கொண்டு இதே வேலையைச் செய்வதற்கான ஆய்வுகளும் பல நாடுகளில் நடந்து வருகின்றன.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு தகவலின் மதிப்பு எவ்வளவு என்பது எங்கள் துறையின் பழைய கேள்வி. அந்தத் தகவல் நம்முடைய முடிவு எதையாவது மாற்ற உதவுமானால், அதற்கு மதிப்புண்டு. இல்லையேல், அது வெறும் சுமை. இரத்தச் சோதனை தரும் தகவலை எப்படிப் பயன்படுத்துவது என்று சிந்தித்தபோது, அல்சைமரின் வாழ்க்கையிலேயே அதற்கான பாடம் இருப்பதைக் கண்டேன்.

அலாய்ஸ் அல்சைமர் 1864-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், பவேரியாவில் மைன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆவணப் பதிவு அலுவலர். பெர்லின், டூபிங்கன், வூர்ட்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றார். 1887-இல் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள், காதில் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் பற்றியது. மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் நுண்ணோக்கியின் மீது அவருக்கு ஏற்பட்ட பற்று அந்த ஆய்வில் வேரூன்றியதுதான்.

1888-இல் பிராங்பர்ட் நகராட்சியின் மனநோயாளர் மற்றும் வலிப்பு நோயாளர் காப்பகத்தில் பணியில் சேர்ந்தார். கோட்டை போன்ற அந்தக் கட்டடத்தைப் பித்தர்களின் அரண்மனை என்று ஊரார் அழைத்தனர். அதன் இயக்குநரான எமில் சியோலி, நோயாளிகளைக் கட்டிவைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட முனைந்தவர். கட்டுகளுக்கு மாற்றாக நீண்ட நேர வெந்நீர்க் குளியல், படுக்கை ஓய்வு, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவை அங்கே நடைமுறைக்கு வந்தன. இளம் அல்சைமர் அந்த மாற்றத்தில் முழுமனதுடன் பங்கேற்றார்.

சிறிது காலத்தில் பிரான்ஸ் நிஸ்ஸில் என்பவரும் அங்கு வந்து சேர்ந்தார். நரம்பணுக்களைச் சாயமேற்றிப் பார்க்கும் புதிய முறையை வகுத்தவர் அவர். பகலில் நோயாளிகளின் படுக்கையருகே உரையாடல், இரவில் நுண்ணோக்கியின் முன் ஆய்வு என்று இருவரின் நாள்களும் கழிந்தன. உயிரோடு இருக்கையில் ஒருவரிடம் கண்ட அறிகுறிகளையும், இறந்தபின் அவர் மூளையில் கண்ட மாற்றங்களையும் பொருத்திப் பார்ப்பதே அவர்கள் கடைப்பிடித்த முறை.

அந்தக் காலத்துக் காப்பகங்களில் கணிசமான படுக்கைகளை நிரப்பியவர்கள், மேகநோய் முற்றி மூளை சிதைந்தவர்கள். இளமையில் தொற்றிய நோய், பல ஆண்டுகள் மறைந்திருந்து, நடுவயதில் நினைவையும் அறிவையும் நடையையும் குலைத்துவிடும். இறுதியில் மரணம். மற்ற மனச்சிதைவுகளிலிருந்து இதைப் பிரித்தறிவது அன்றைய மருத்துவத்தின் பெரும் சிக்கலாக இருந்தது. அல்சைமர் தம் ஆய்வு வாழ்வின் சிறந்த ஆண்டுகளை இந்தச் சிக்கலுக்கே அளித்தார். 1904-இல் பேராசிரியத் தகுதிக்காக அவர் அளித்த ஆய்வேடும் இந்த நோயின் திசுவியல் பற்றியதே. தம் காலத்தவரிடையே அவர் புகழ்பெற்றிருந்தது இதற்காகத்தான்.

1890-களின் நடுவில், செல்வந்தரான வைர வணிகர் ஒருவரின் கைம்பெண்ணான செசிலியை அவர் மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். மனைவியின் செல்வம் பணக்கவலையிலிருந்து அவரை விடுவித்தது. ஆனால் அந்த இல்வாழ்வு நீடிக்கவில்லை. 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செசிலி மறைந்தார். குழந்தைகளை வளர்க்க அவருடைய சகோதரி வந்து சேர்ந்தார். அல்சைமர் துயரத்தை வேலையில் கரைத்தார்.

அதே ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், ஆகுஸ்தே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் காப்பகத்தில் சேர்த்தனர். அவருடைய கணவர் ரயில்வே எழுத்தர். கணவர் மீது காரணமற்ற சந்தேகம், சமையலில் தடுமாற்றம், பொருள்களை எங்கெங்கோ ஒளித்துவைத்தல், உறக்கமின்மை என்று சில மாதங்களில் அவருடைய நிலை மோசமாகியிருந்தது.

மறுநாள் அல்சைமர் அவரருகே அமர்ந்து உரையாடி, கேள்வியையும் பதிலையும் தம் கைப்பட எழுதினார். கணவர் பெயரைக் கேட்டபோது அந்தப் பெண் தம் பெயரையே சொன்னார். உணவில் இருந்தது பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும். தாம் உண்பது கீரை என்றார். பென்சில், பேனா, பணப்பை, சாவி, சுருட்டு ஆகியவற்றைக் காட்டியபோது ஒவ்வொன்றின் பெயரையும் பிழையின்றிச் சொன்னார். சற்று நேரம் கழித்து, காட்டிய பொருள்கள் எவை என்று கேட்டால் நினைவில் இல்லை. பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்ற சொல்லை எழுதியபின் மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றுவிட்டார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அந்தப் பெண் உணர்ந்ததையும் குறிப்பேடு பதிவு செய்திருக்கிறது.

முதியவர்களிடம் இத்தகைய மறதியை மருத்துவர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். 51 வயதில் இது ஏன் என்பதுதான் அல்சைமரைத் துளைத்த கேள்வி. 1903-இல் புகழ்பெற்ற மனநல மருத்துவர் எமில் கிரெப்பலினின் அழைப்பை ஏற்று, ஹைடல்பெர்க் வழியாக மியூனிக் நகருக்கு அவர் பெயர்ந்தார். ஆனாலும் பிராங்பர்ட்டில் விட்டுவந்த அந்த நோயாளியைப் பற்றித் தொடர்ந்து விசாரித்து வந்தார்.

மியூனிக்கில் அவர் தொடக்க ஆண்டுகளில் ஊதியம் பெறாமல் உழைத்தார். ஆய்வகத்துக்குத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். பல நாடுகளிலிருந்து இளம் ஆய்வாளர்கள் அவரிடம் வந்து கூடினர். ஒவ்வொரு மாணவரின் நுண்ணோக்கியருகிலும் அமர்ந்து பொறுமையாக விளக்குவாராம். மாலையில் ஒவ்வொரு மேசையிலும் அவர் மறந்து வைத்த சுருட்டுத் துண்டு ஒன்று கிடக்குமாம். மூளை நோய்கள் சிலவற்றோடு இன்று இணைத்துப் பேசப்படும் லூவி, கிரெட்ஸ்ஃபெல்ட், யாக்கோப் ஆகிய மூவரும் அவருடைய ஆய்வகங்களோடு தொடர்புடையவர்களே.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் ஆகுஸ்தே டெட்டர் இறந்தார். சியோலி அவருடைய மூளையையும் குறிப்பேட்டையும் மியூனிக்குக்கு அனுப்பிவைத்தார். இத்தாலியிலிருந்து வந்திருந்த பெருசினி, பொன்ஃபீலியோ ஆகிய இளம் மருத்துவர்களின் துணையோடு, வெள்ளி உப்பால் சாயமேற்றிய மெல்லிய மூளைத் துண்டுகளை அல்சைமர் ஆராய்ந்தார். நரம்பணுக்களின் உள்ளே நூல் திரிகள் போல முறுக்கிய சிக்கல்கள் இருந்தன. அணுக்களுக்கு வெளியே புறணியெங்கும் விநோதமான பொருள் ஒன்று தினைமணிகளைப் போலப் படிந்திருந்தது. இந்த இரண்டையுமே அவர் டூபிங்கன் மாநாட்டில் விவரித்தார். அவைத்தலைவர் கேள்விகளுக்காகக் காத்திருந்தார். அவை மௌனம் காத்தது. அடுத்த பேச்சுக்கு நகர்ந்தனர்.

1910-இல் கிரெப்பலின் தம் மனநல மருத்துவப் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இந்த நிலைக்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். அல்சைமருக்கோ தயக்கம் இருந்தது. 1911-இல் அவர் வெளியிட்ட மற்றொரு நோயாளியின் மூளையில் படிவங்கள் நிறைந்திருந்தன. ஆனால் சிக்கல்களைக் காணோம். ஆகவே, இது தனியொரு நோயா, முதுமை மறதியின் முன்கூட்டிய வடிவமா என்ற ஐயத்தை அவர் மறைக்கவில்லை. ஐயத்தோடு எழுதிய அறிஞரின் பெயர், ஐயமற்ற முத்திரையாக நிலைத்தது.

1912-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் மனநலப் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று போலந்தில் விராட்ஸ்வாஃப் என்று வழங்கும் நகரம் அது. அங்குச் செல்லும் பயணத்திலேயே நோய்வாய்ப்பட்டவர் முழுமையாகத் தேறவில்லை. முதல் உலகப் போர் மூண்டிருந்த 1915-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள், 51-ஆவது வயதில் காலமானார். ஆகுஸ்தே டெட்டர் காப்பகத்துக்கு வந்த வயதும் அதுவே. பிராங்பர்ட்டில் மனைவியின் அருகே அவரை அடக்கம் செய்தனர்.

அவர் கண்டவற்றின் பொருள் விளங்க நெடுங்காலம் பிடித்தது. நடுவயதில் வரும் அரிய நோயே அல்சைமர் நோய் என்று பல பத்தாண்டுகள் கருதி வந்தனர். முதியவர்களிடம் காணும் மறதியும் பெரும்பாலும் இதே நோய்தான் என்று 1976-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் வலியுறுத்திய பின்பே இதன் பேருருவம் புலப்பட்டது. 1980-களில் படிவங்களில் இருப்பது அமிலாய்டு பீட்டா என்ற புரதம் என்பதும், சிக்கல்களில் இருப்பது டாவ் என்ற புரதம் என்பதும் தெளிவாயின. அறிகுறி தோன்றுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்குகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. அல்சைமர் எழுதிய மூல நோய்க்குறிப்பேடு 1995-இல்தான் பிராங்பர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆவணங்களிடையே மீண்டும் கிடைத்தது.

அண்மைக்காலம் வரை, உயிரோடு இருப்பவரிடம் இந்தப் புரதங்களை அறிய இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுப்பது. மற்றொன்று, கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் பெட் ஸ்கேன் எடுப்பது. முன்னது வலி மிகுந்தது. பின்னது விலை மிகுந்தது. இரத்தப் பரிசோதனை இவ்விரு தடைகளையும் குறைக்கிறது.

இதன் கோட்பாடு எளியது. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஒரு பரப்பில் பதித்து வைக்கிறார்கள். இரத்தத்தில் அந்தப் புரதம் இருந்தால் அது அங்கே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதன் விளைவாக மின்னோட்டத்திலோ ஒளியிலோ ஏற்படும் மாற்றத்தை அளப்பதே உயிரி உணரியின் பணி. 1962-இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனையிலிருந்து கிளைத்த சர்க்கரை அளக்கும் கருவி இன்று பலர் வீட்டில் இருக்கிறது. அதன் தூரத்து உறவே இது.

கோட்பாடு எளிது என்றாலும் செயல் கடினம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் உண்டு. மூளையிலிருந்து கசிந்துவரும் டாவ் புரதத்தின் குறிப்பிட்ட வடிவமோ பிகோகிராம் அளவில்தான் இருக்கும். சர்க்கரையைவிட ஏறத்தாழ நூறு கோடி மடங்கு குறைவு. அதனால்தான் இப்போதைய சோதனைகள் பெரிய ஆய்வகக் கருவிகளையே நம்பியுள்ளன. தங்க நுண்துகள், கிராஃபீன் போன்றவற்றைக் கொண்டு சிறிய உணரிகளை உருவாக்கும் முயற்சிகள் பெரும்பாலும் ஆய்வுக்கூட நிலையிலேயே இருக்கின்றன.

அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோதனை 499 பேரின் இரத்த மாதிரிகளைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. நோய் உண்டு என்று சோதனை காட்டியவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கு ஸ்கேன் அல்லது தண்டுவட நீர்ச் சோதனையும் அதையே உறுதி செய்தது. இல்லை என்று காட்டியவர்களில் 97.3 விழுக்காட்டினருக்கு முடிவு பொருந்தியது. சிறந்த முடிவுதான். ஆனால் இவர்கள் ஏற்கெனவே நினைவாற்றல் குறைபாட்டோடு மருத்துவரிடம் வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. அனுமதியும் 55 வயதைக் கடந்த, அறிகுறி உள்ளவர்களுக்கே தரப்பட்டிருக்கிறது.

இதன் முக்கியத்துவத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நினைவுக் குறைபாட்டுக்காக வந்த 1,000 பேரில் 500 பேருக்கு நோய் இருக்கிறது என்றால், சோதனை 450 பேரைச் சரியாகவும் 50 பேரைத் தவறாகவும் நோயாளிகள் என்று சொல்லும். நோய் உண்டு என்ற சொல்லை அங்கே பெரிதும் நம்பலாம். இதே சோதனையை, நூற்றுக்கு ஐவருக்கு மட்டுமே நோய் இருக்கும் நலமான 1,000 பேரிடம் செய்தால், 45 பேரைச் சரியாகவும் 95 பேரைத் தவறாகவும் நோயாளிகள் ஆக்கிவிடும். கருவி ஒன்றுதான், யாரிடம் பயன்படுத்துகிறோம் என்பதால் அதன் சொல்லின் மதிப்பு மாறிவிடுகிறது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும் நாள் வருமானால், நோயைவிட அச்சமே அதிகம் பரவும்.

வாஸர்மன் சோதனையின் கதை இதற்குச் சான்று. மலேரியாவும் தொழுநோயும் உள்ளவர்களிடமும் அது மேகநோய் இருப்பதாகக் காட்டியதுண்டு. இன்றைய சோதனையிலும், நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களின் இரத்தத்தில் இந்தப் புரதங்களின் அளவு கூடிக் காணப்படுகிறது. எண்ணைப் படிப்பதற்கு மருத்துவர் ஒருவர் எப்போதும் தேவை.

அந்தக் கதையின் மறுபாதி இன்னும் முக்கியமானது. வாஸர்மன் சோதனை வந்த நான்கு ஆண்டுகளில், அதே பிராங்பர்ட் நகரில் பால் எர்லிக் உருவாக்கிய சல்வர்சான் மருந்து வந்தது. 1940-களில் பெனிசிலின் வந்தது. அல்சைமர் வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்த அந்த மூளைச் சிதைவு, காப்பகங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தேபோனது. இரத்தச் சோதனை, பலன் தரும் மருந்து, எளியவருக்கும் எட்டும் விலை ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த வெற்றியைத் தந்தன.

அல்சைமர் நோயில் முதலாவது மட்டுமே இப்போது கைக்கெட்டுகிறது. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற மருந்து, நோயின் தொடக்க நிலையில் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது, சரிவை நிறுத்தவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் ஏற்பட்டன. அங்கே அதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 26,500 டாலர்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், ஏதேனும் ஒருவகை மறதி நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலுள்ள மனைவியும் மகளும் மருமகளும்தான். அந்த உழைப்புக்கு எந்தத் தேசிய வருமானக் கணக்கிலும் இடமில்லை. ஆகுஸ்தே டெட்டரின் காப்பகக் கட்டணம் ரயில்வே எழுத்தரான அவருடைய கணவருக்குப் பெரும் சுமையாக இருந்தது. முதல் நோயாளியின் குடும்பத்திலேயே தொடங்கிவிட்டது இந்தப் பொருளாதாரச் சிக்கல்.

அதற்காக இந்தச் சோதனையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்ய முடியும். அல்சைமர் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு சோதனை, இத்தகையோருக்குப் பெரும் கொடை. நோய் உண்டு என்று தெரிந்தவர்களும், சிந்தனை தெளிவாக இருக்கும்போதே சொத்து, சிகிச்சை, இருப்பிடம் பற்றித் தாமே முடிவெடுக்கலாம். அவர்களின் வாழ்க்கையை மாற்றக்கூடிய தகவல் அது.

இந்தச் சோதனை நம் நாட்டில் பரவலாவதற்கு முன் அரசு மூன்றைச் செய்ய வேண்டும். அறிகுறி உள்ளவர்களுக்கு, மருத்துவரின் பரிசோதனைக்குப் பிறகே இதைச் செய்யலாம் என்ற விதி வேண்டும். முடிவு காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை தருபவருக்கோ செல்லாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும். மாவட்ட மருத்துவமனைதோறும் நினைவாற்றல் பிரிவும், பராமரிப்போர் சில நாள்களாவது ஓய்வெடுக்க உதவும் பகல்நேரக் காப்பகமும் வேண்டும். கருவிக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாகப் பராமரிப்புக்கும் ஒரு ரூபாய் ஒதுக்குவது நியாயமான தொடக்கமாக இருக்கும்.

நுண்ணோக்கியில் சிக்கல்களைக் காண்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், அல்சைமர் ஒரு பெண்ணின் கட்டிலருகே அமர்ந்து பெயரையும் உணவையும் விசாரித்தார். அந்த வரிசையை மாற்றாமல் இருப்பதே நாம் அவரிடம் கற்க வேண்டியது. நோயாளியிடம் முதலில் பேசுவோம். இரத்தத்தைப் பிறகு எடுப்போம். முடிவு எதுவாயினும் அதன்பின் அவரைத் தனியே விடாதிருப்போம்.